சுத்தம் செய்த பிறகு சீக்கிரம் அணைந்த கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

தூசி தட்டினேன், பிராசஸருக்கும் அதன் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன், பிராசஸரின் சூடு ஏறக்குறைய 30 டிகிரி இறங்கியது. அதற்குப் பிறகுதான் அந்தக் கணினி முன்பைவிடச் சீக்கிரமாக அணையத் தொடங்கியது. எங்கே கோட்டை விட்டேன் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகலாம்.

கணினி என் அக்கா மகனுடையது. வாங்கி நான்கு வருடம் ஆன டெஸ்க்டாப். 65 வாட் வகை ஆறு கோர் பிராசஸர், அதன் பெட்டியோடு வந்த சின்ன கூலர், 120 வாட் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை). எஸ்எம்பிஎஸ் கேபினெட்டின் அடியில், அதன் விசிறி தரையைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருந்தது. பெட்டி நின்றது தடித்த தரைவிரிப்பின் மேல். இந்தக் கடைசி இரண்டு விவரங்களும் முதல் நாளே என் கண்ணில் பட்டன. மனதில் படவில்லை.

போனில் அவன் சொன்னது இது: "மாமா, கேம் ஆடிட்டு இருக்கும்போது மொதல்ல சிக்கிச் சிக்கி ஓடுது. அப்புறம் பட்டுனு ஆஃப் ஆயிடுது. ரெண்டு நாளைக்கு ஒரு தரமாவது ஆகுது. சிபியு மேல கை வச்சா சுடுது." சிபியு என்று அவன் சொன்னது முழுப் பெட்டியை. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தான். அதில் ஏதோ ஒரு சென்சாருக்கு நேரே 127 டிகிரி என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் பையன் பயந்துபோயிருந்தான். அந்த 127ஐ நம்ப வேண்டாம். மதர்போர்டில் எதுவும் இணைக்கப்படாத சென்சார் முனை ஒன்று இருந்தால் மென்பொருள் அதற்கு 127 என்றோ, மைனஸில் ஏதோ ஓர் எண்ணையோ காட்டும். கணினியை இயக்கிய முதல் நொடியிலிருந்து கடைசி வரை அந்த எண் அசையவே இல்லை என்றால் அது சூடு அல்ல, வெற்று முனை.

முதல் நாள்

விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். ஒவ்வொரு அணைவுக்கும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு ஒன்று இருந்தது. இந்த எண்ணைப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. பெயரில் பவர் இருப்பதால் வரும் குழப்பம் அது. உண்மையில் அந்தப் பதிவு அணையும்போது எழுதப்படுவதில்லை. அடுத்த முறை கணினி எழும்போது, "போன தடவை நான் முறையாக மூடப்படவில்லை" என்று விண்டோஸ் தானே குறித்துக்கொள்வது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். அதன் விவரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டியது பக்செக் கோடு என்ற வரி. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வந்து செத்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஓர் எண் இருக்கும். இங்கே எல்லாவற்றிலும் பூஜ்ஜியம், நீலத்திரை விட்டுப்போகும் டம்ப் கோப்பும் ஒன்றுகூட இல்லை. டிரைவர், ரேம் போன்ற சந்தேகங்கள் அதோடு பின்னுக்குப் போயின. மின்சாரம் நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது. யார் வெட்டியது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை நான் அன்றைக்கு ஒழுங்காகக் கேட்கவே இல்லை. ஏனென்றால் அடுத்த ஐந்து நிமிடத்தில் எனக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான். சென்சார்களின் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டேன். சும்மா இருக்கும்போதே பிராசஸர் 58 டிகிரி. பிராசஸருக்கு முழுச் சுமை ஏற்றும் பிரைம்95ஐத் தொடங்கியதும் 40 நொடியில் 100ஐத் தொட்டது. அந்தப் பிராசஸருக்கு அதுதான் உச்ச வரம்பு. வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.3க்கு இறங்கியது. இனி என்ன வேண்டும்?

கேபினெட்டைத் திறந்தேன். கூலரின் விசிறிக்கும், சூட்டை வாங்கிப் பரப்பும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே பாளமாக வந்தது. அதைவிட முக்கியமானது கூலரின் கால். இந்த வகைக் கூலரை நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்கள்தான் மதர்போர்டோடு பிடித்துவைக்கின்றன. மேல் இடது மூலையில் இருந்த பின்னை விரல் நுனியால் தூக்கினேன், அசைந்தது. மதர்போர்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் காரணம் தெரிந்தது. சரியாக மாட்டிய பின்னில் வெள்ளைப் பிளாஸ்டிக்கின் கால்கள் விரிந்து, நடுவில் கறுப்பு முனை தெரியும். மூன்றில் அப்படி இருந்தது. நான்காவதில் வெள்ளை மட்டும் எட்டிப்பார்த்தது, கறுப்பைக் காணோம். கூலரைக் கழற்றியபோது பழைய பேஸ்ட்டே சாட்சி சொன்னது. மூன்று மூலைகளில் மெல்லிய சாம்பல் படலம், நான்காவது மூலையில் தடித்துக் காய்ந்து வெடித்த கட்டி. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வீடு மாறியபோது வண்டியில் பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனதாகப் பையன் அப்போதுதான் சொன்னான்.

பேஸ்ட்டைப் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் கட்சி. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதான் அதன் வேலை. காற்று வெப்பத்தை அவ்வளவு மோசமாகக் கடத்தும், சுமாரான பேஸ்ட்கூட அதைவிடப் பல மடங்கு தேவலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு வைத்து, எதிரெதிர் மூலைகளாகப் பின்களை அழுத்தினேன். நான்கிலும் கறுப்பு முனை தெரிகிறதா என்று பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். பிளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது கண்டபடி சுழன்று பேரிங் கெடும்.

பலன் உடனே தெரிந்தது. சும்மா இருக்கும்போது 36 டிகிரி, பிரைம்95 அரை மணி நேரம் ஓடியும் 71. "இனிமே சுடாது மாப்ளே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் நாள்

"மாமா, சிக்குறது சுத்தமா போயிடுச்சு. சூப்பரா ஓடுது. ஆனா இப்பல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ளயே ஆஃப் ஆயிடுது."

இதைக் கேட்டதும்தான் என் தவறு எனக்கே தெரிந்தது. அவன் முதல் நாள் சொன்னது இரண்டு புகார். சிக்கிச் சிக்கி ஓடுவது ஒன்று, பட்டென்று அணைவது இன்னொன்று. நான் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, முழுப் பழியையும் பிராசஸரின் தலையில் வைத்துவிட்டேன்.

சூடேறிய பிராசஸர் முதலில் செய்வது அணைவது அல்ல. வரம்பை நெருங்கும்போதே தன் வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொண்டு, அந்த வரம்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கேம் சிக்கியது அதனால்தான். குறைத்தும் போதாமல் சூடு இன்னும் ஏறினால்தான் கடைசிக் கட்டமாக ஒரு சமிக்ஞை போகும், மதர்போர்டு மின்சாரத்தை வெட்டும். அது பெரும்பாலும் கூலர் முழுக்கக் கழன்றுவிட்ட மாதிரியான நிலையில் நடப்பது. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் வெளியிட்ட ஒரு வீடியோவை நினைவிருப்பவர்கள் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர்களின் மேலிருந்து ஹீட்சிங்க்கை அப்படியே எடுத்துவிடுவார்கள். அந்தக் காலத்து ஏஎம்டி அத்லான் பிராசஸர் புகைந்து கருகியது. இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. இன்றைய பிராசஸர்கள் எல்லாமே இரண்டாவது ஜாதி. 100 டிகிரியைப் பார்த்ததும் "இதுதான் அணைக்கிறது" என்று நான் நினைத்ததற்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. பிரைம்95 ஓடியபோது அது அணையவே இல்லை என்பதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்பது வடிவமைப்பிலேயே அப்படித்தான் என்று அவற்றைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஒரு கணினியில் 95 என்பது நோய், இன்னொன்றில் இயல்பு.

சரி, சுத்தம் செய்தபின் ஏன் சீக்கிரம் அணைய வேண்டும்? வேகம் குறைந்த பிராசஸர் குறைவான மின்சாரம் இழுக்கும். அது கொடுக்கும் வேலைக்காகக் காத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டும் பாதி நேரம் சும்மா இருக்கும். கூலரைச் சரிசெய்ததும் இரண்டும் முழு மூச்சில் ஓடத் தொடங்கின. மொத்த மின் இழுப்பு ஏறியது. அந்தச் சுமை முழுவதும் எதன் வழியாக வருகிறதோ, அதன் பக்கம்தான் இப்போது திரும்ப வேண்டும்.

யார் வெட்டுகிறார்கள்

இந்த முறை கையில் வாட் மீட்டரும் மல்டிமீட்டரும் எடுத்துப் போனேன். எச்டபிள்யூஇன்ஃபோவில் 2 நொடிக்கு ஒரு முறை எல்லா சென்சாரையும் கோப்பில் எழுதும்படி வைத்துவிட்டு, அவனையே கேம் ஆடச் சொன்னேன். 50ஆவது நிமிடத்தில் அணைந்தது. ஒரு டிக் சத்தம், எல்லா விசிறிகளும் தளர்ந்து நின்றன. மானிட்டர் மட்டும் எரிந்துகொண்டே "சிக்னல் இல்லை" என்றது. அதுவும் கணினியும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில்தான் இருந்தன. ஆக, வீட்டு மின்சாரம் குற்றவாளி இல்லை.

"ஆன் பண்ணு" என்றேன். பொத்தானை அழுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. "இது எப்பவும் இப்படித்தான் மாமா. கொஞ்ச நேரம் விட்டாத்தான் வரும். நான் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து போடுவேன்."

இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று அவனைக் கேட்பதில் நியாயம் இல்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும். அணைந்த கணினி உடனே எழுகிறதா, சில நிமிடம் ஆறிய பிறகா, பின்னால் உள்ள ஸ்விட்சை அணைத்துப் போட்ட பிறகா? இந்த ஒரு கேள்விக்கான பதில் பாதி நோயைச் சொல்லிவிடும். ஒரு பிராசஸர் சில நொடிகளிலேயே ஆறிவிடும். பத்து நிமிடம் ஆற வேண்டிய அளவுக்கு வெப்பத்தைத் தேக்கி வைத்திருப்பது கனமான, காற்றோட்டம் இல்லாத ஏதோ ஒரு பகுதி. அதோடு, அதிக வெப்பத்துக்கான பாதுகாப்பு உள்ள பல எஸ்எம்பிஎஸ்கள் ஒருமுறை அணைந்தால் ஆறும்வரை பொத்தானுக்கு மசியாது.

பத்து நிமிடம் கழித்து எழுந்தது. கோப்பின் கடைசி வரி: பிராசஸர் 64, கிராபிக்ஸ் 72, மதர்போர்டு 41, எஸ்எஸ்டி 47. எதுவும் அதன் வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டைக் காட்டும் வரி கோப்பில் கிடையாது. வீட்டுக் கணினிகளில் வரும் பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் வெப்பநிலையைக் கணினிக்குச் சொல்வதில்லை. சென்சார் திரையில் முப்பது நாற்பது எண்களைப் பார்த்துவிட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்து சுமையைப் பிரித்துப் பார்த்தேன். பிரைம்95 மட்டும்: சுவரிலிருந்து 140 வாட் இழுத்தது, ஒரு மணி நேரம் ஓடியது, அணையவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு முழுச் சுமை ஏற்றும் ஃபர்மார்க் மட்டும்: 205 வாட், 55ஆவது நிமிடத்தில் அணைந்தது. கிராபிக்ஸ் கார்டோ என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டபோது 290 வாட், 19 நிமிடத்தில் அணைந்தது. கிராபிக்ஸ் கார்டின் சூடு இரண்டு ஓட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றேதான், 2 டிகிரிதான் வித்தியாசம். கார்டு நோயாளியாக இருந்தால் பிராசஸருக்குச் சுமை ஏற்றியதும் நேரம் இப்படி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டியதில்லை. கணினி எழுந்ததும், முழுதாக ஆறவிடாமல் மறுபடி அதே சோதனை: 6 நிமிடம். ஒவ்வொரு முறையும் முந்தைய சூட்டின் மிச்சத்திலிருந்து கிளம்புகிறது என்று அர்த்தம்.

சுமையின் நடுவே மல்டிமீட்டரால் எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட் மின்னழுத்தத்தைப் பார்த்தேன், 11.9 இருந்தது. 11.4 வரை ஏற்கத்தக்கது. மின்னழுத்தம் தொய்ந்து அணையவில்லை. சக்தி போதாத எஸ்எம்பிஎஸ் என்ற சந்தேகமும் இதோடு தீர்ந்தது. 450 வாட்டுக்கு 290 என்பது ஒரு சுமையே இல்லை.

பிறகு கேபினெட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தேன். அடியில் இருந்த வலை வடிகட்டியில் வலையே தெரியவில்லை. தரைவிரிப்பின் நாரும் தூசியும் சேர்ந்து ஒரு ஃபெல்ட் துணியாகவே ஆகியிருந்தன. அதை உருவிய பிறகு, கம்பித் தடுப்புக்குள் டார்ச் அடித்துக்கொண்டே சுமையை ஏற்றினேன். விசிறி நின்றது நின்றபடி இருந்தது. சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்திவைக்கும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. ஆகவே நிற்கிறது என்ற ஒன்றை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஆனால் 290 வாட் ஏறி, பின்பக்கக் கம்பித் தடுப்பு கையைச் சுடும்போதும் நிற்பது சேமிப்பு அல்ல, சாவு. கணினியை அணைத்து, கேபிளை உருவிவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் ஓர் இறக்கையைத் தள்ளிப் பார்த்தேன். நல்ல விசிறி ஒரு தட்டுக்குப் பல சுற்று சுற்றும். இது கால் சுற்று போய், பிசினில் ஒட்டியது போல நின்றது.

சுவரிலிருந்து இழுக்கும் 290 வாட்டில் 15 சதவீதம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே வெப்பமாகிறது என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 43 வாட். காற்று புகாத தகரப் பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டு மூடியது போல. கேம் ஆடும்போது 50 நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

பாகத்தை மாற்றும் முன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. சூடாகும் கணினிக்குப் பக்கக் கதவைத் திறந்துவைத்து டேபிள் ஃபேனைத் திருப்புவது எல்லோரும் செய்வது. கணினி பிழைத்துக்கொள்ளும், ஆனால் எந்தப் பகுதி ஆறியதால் பிழைத்தது என்று தெரியாது. ஆகவே கதவை மூடிவிட்டு, டேபிள் ஃபேனின் காற்று எஸ்எம்பிஎஸ்ஸின் அடித் துவாரத்துக்கு மட்டும் போகும்படி அட்டையால் ஒரு குழாய் செய்து ஒட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. இரண்டு சுமையும் சேர்த்து ஓடவிட்டேன். 19 நிமிடம் தாண்டியது, ஒரு மணி நேரம் தாண்டியது. அணையவில்லை. ஃபேனை நிறுத்தினேன். அடுத்த 21ஆவது நிமிடத்தில் டிக்.

மாற்றியது

விசிறியை மட்டும் மாற்றினால் போதாதா என்று பையன் கேட்டான். எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் சற்று நேரம் அது மிச்சம் இருக்கக்கூடும். அதோடு, மாதக்கணக்கில் வெந்த கெப்பாசிட்டர்களை நம்பிப் புது விசிறி மாட்டுவதில் அர்த்தம் இல்லை. சூடு 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

புதிய 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினோம். பழையதின் கழற்றக்கூடிய கேபிள்கள் ஏற்கெனவே அழகாகச் செருகிக் கட்டியிருந்தன, அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று அவனுக்கு ஆசை. கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே வர வேண்டும் என்பதற்குப் பொதுவான தரம் கிடையாது. பிளக் பொருந்தும், உள்ளே 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஹார்டு டிஸ்க் போய்ச்சேரும். எல்லா கேபிளையும் மாற்றினோம். பெட்டியைத் தரைவிரிப்பிலிருந்து எடுத்து, கால் உள்ள ஒரு மரப்பலகையின் மேல் வைத்தோம்.

அதே இரண்டு சுமை, கதவு மூடி, டேபிள் ஃபேன் இல்லாமல்: இரண்டு மணி நேரம் ஓடி, நான் நிறுத்தியதால் நின்றது. பிராசஸர் 70, கிராபிக்ஸ் 73. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடிக்கிற அளவுக்கு வந்தது.

"அப்போ மொத நாள் நீங்க பண்ணது வேஸ்ட்டா மாமா?"

வேஸ்ட் இல்லை. கூலரின் காலும் உண்மையான நோய்தான். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றியிருந்தால் கணினி அணையாமல், சிக்கிச் சிக்கி வருடக்கணக்கில் ஓடியிருக்கும், அவனும் கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது என்று நினைத்திருப்பான். வேஸ்ட் ஆனது நடுவில் போன அந்த மூன்று நாள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மின்கழிவில் போடும் முன் அதன் கேபிள்களை வெட்டிவிட்டேன். வெளியே துடைத்துவைத்தால் புதிதுபோலவே இருந்தது, யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.